நான்கு நட்சத்திரம்

முன்பின் தெரியாத பீரை வாங்கும்போது போத்தலின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முதுகைப் பார்க்க வேண்டும். முகத்தில் சிங்கம் இருக்கும், கிரீடம் இருக்கும், தாடி வைத்த பாதிரியார் இருப்பார். அதையெல்லாம் வரைவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கே காய்ச்சியது, யார் இறக்குமதி செய்தது, எத்தனை விழுக்காடு என்கிற சங்கதிகள் முதுகில்தான் பொடி எழுத்தில் கிடக்கும். பொடி எழுத்தைப் படிக்கிறவன் ஏமாறுவதில்லை. வங்கியில் முப்பத்திரண்டு வருடம் பொடி எழுத்தைப் படித்தே சோறு தின்றவன் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஷரபுதீன்.

நீங்கள் குடிக்காதவர். உங்கள் தகப்பனார் பாகான் செராயில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார் என்று உள்ளே வந்ததும் சொன்னீர்கள். ஆகவே இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் குறையொன்றுமில்லை. என் மைத்துனர் பிச்சைமுத்துவின் சாவு பற்றி ஒரு தாள் தட்டச்சு செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள், கையெழுத்து ஒன்று பாக்கி. பத்து நிமிட வேலை என்றீர்கள். நான் பேனாவை மூடி வைத்தது உங்களுக்கு விளங்கவில்லை. கோப்பியைக் குடியுங்கள், சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து சொல்லிப் பழகிவிட்டேன்.

இதுதான் அந்தப் புத்தகம். சட்டைப்பையில் அடங்கும் அளவு. உலகத்து பீர்களில் ஆயிரத்துச் சொச்சத்தை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி எழுதி, ஒன்று முதல் நான்கு நட்சத்திரம் வரை மதிப்புப் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அட்டை நான் போட்டது. மெல்பர்னில் இருக்கும் என் மகள் ஷர்மினி பிறந்தநாளுக்கு அனுப்பினாள். அவளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறேன் என்று என் மனைவி போனாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மனைவி வரவில்லை, புத்தகம் வந்தது. குறை சொல்ல மாட்டேன். புத்தகம் குறுக்கே பேசுவதில்லை.

முதல் பக்கத்தில் மகள் எழுதியிருக்கிறாள்: ‘அப்பா, கண்டதையும் குடிக்காதீங்க. பார்த்துக் குடிங்க.’

பார்த்துத்தான் குடித்தேன். ஈப்போ பழைய டவுனில் ஒரு சீன முதலாளியின் கடையில், பின்பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் வெளிநாட்டுப் போத்தல்கள் இருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போவேன். இதுவரை குடிக்காத ஒன்றை எடுப்பேன். அங்கேயே நின்று புத்தகத்தைப் புரட்டுவேன். இரண்டு நட்சத்திரத்துக்குக் கீழே என்றால் திரும்ப வைத்துவிடுவேன். தவுக்கே என்னை ‘புரொஃபசர்’ என்பார். அது கேலி இல்லை. கேலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து அதற்கென்று வாங்கிய கிளாஸில் ஊற்றி, முதலில் புத்தகத்தைப் படிப்பேன், பிறகு குடிப்பேன். புத்தகம் ‘கருகிய சர்க்கரை’ என்றால் எனக்குக் கருகிய சர்க்கரை வரும். ‘ஈர வைக்கோல்’ என்றால் ஈர வைக்கோல் வரும். நான் வைக்கோல் தின்றதில்லை, ஆனாலும் வந்தது. இதற்குப் பெயர்தான் படிப்பு. ஒன்றையும் படிக்காமல் குடிக்கிறவனுக்கு எல்லா பீரும் கசக்கும், அவ்வளவுதான்.

ஒன்றையும் படிக்காமல் குடிக்கிறவர் என்றால் எங்கள் குடும்பத்தில் அது பிச்சைமுத்து. என் ஒரே தங்கை புனிதாவின் கணவர். சித்தியவானுக்கு இந்தப் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ப்பனையாகிவிட்ட இடத்தின் ஓரத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தார்கள். அவர் மீன் வியாபாரி. விடிவதற்குள் லூமுட் படகுத்துறையில் மீன் எடுத்து, வேனில் போட்டுக்கொண்டு தாமான் தாமானாகக் குடியிருப்புகளில் விற்பார். செவுளைத் தூக்கிப் பார்க்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. ஐஸ் பெட்டிக்கு மேல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். “இது நேத்து மீனு தவுக்கே, எடுத்து அந்தாண்ட வையி,” என்பார். பெட்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பார்கள். மூன்றாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவருக்கு மூக்கு மட்டும் நிறுத்தாமல் படித்திருந்தது.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். இது ஒரு வகை ஊனம் என்பது என் கருத்து. எல்லாருக்கும் பிடித்தவனுக்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. என் தங்கை அவரோடு இருபத்தேழு வருடம் சிரித்துக்கொண்டே குடித்தனம் நடத்தினாள். நான் அதைத் தவறாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் மார்ச் மாதம் அவர்கள் மகள் தினேஸ்வரி காம்பார் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாள். வீட்டு முன்னால் கூடாரம் போட்டு மதிய விருந்து. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். நான் பெல்ஜியத்துத் துறவிகள் காய்ச்சிய பீர் இரண்டு போத்தல் கொண்டுபோயிருந்தேன். நான்கு நட்சத்திரம். இந்த ஜனங்களும் ஒரு நாளாவது நல்லதைக் குடிக்கட்டும் என்கிற எண்ணம்தான்.

“மச்சான், எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கலா,” என்றார் பிச்சைமுத்து.

மேசையில் ஊற்றி வைத்த கிளாஸ் இருந்தது. எடுத்துச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினேன். ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை, கடைசியில் மெல்லிய தேன். எப்படி நாக்கின் நடுவில் நிறுத்த வேண்டும், எப்படி மூக்கு வழியாக மூச்சு விட வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். ஐந்து நிமிடம் இருக்கும். நன்றாகவே பேசினேன். பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பிச்சைமுத்து என் காதருகே குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் குனிந்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேனில் நின்று மீன் விற்ற தொண்டைக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

“மச்சான், அது நம்ம டின் பீரு. உங்க போத்தல இன்னும் தொறக்கவே இல்ல.”

சிரிப்பு முதலில் கூடாரத்தின் ஒரு மூலையில் ஆரம்பித்தது. பிறகு சமையல் செய்கிற இடம் வரை போனது. புனிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்காதவர் ஒரே ஒருவர், பக்கத்து வீட்டுப் பத்துமலை. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிற மனிதர். அவர் தன் கையிலிருந்த டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல், “எனக்கும் கொத்தமல்லி அடிக்குதுலா,” என்றார். எனக்கு உதவி செய்ய நினைத்தார், பாவம். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குக் கொத்தமல்லி மாமா என்று பெயர். யாரோ கைபேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டார்கள். மெல்பர்னிலிருந்து என் மனைவியும் பார்த்தாள். நான்காண்டில் என் சம்பந்தமாக அந்தக் குழுவில் அவள் போட்ட முதல் செய்தி அது. கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், மூன்று.

இரண்டு வாரம் கழித்துப் பிச்சைமுத்து என்னைப் பார்க்க இதே பெர்ச்சாம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய வாவல் மீன், வாழையிலையில் சுற்றியது. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

“மச்சான், நான் மெதுவாத்தான் சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க.”

“எதை?” என்று கேட்டேன்.

மறந்துவிட்டவனிடம் மன்னிப்புக் கேட்பது கஷ்டம். மீனை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன் என்பது வேன் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மீனை எதிர்வீட்டுப் பூனைக்குப் போட்டேன். நல்ல மீன் என்று பூனை நினைத்திருக்க வேண்டும்.

நவம்பர் மாதம் தினேஸ்வரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பெயர் பவித்ரன், ஈப்போ பையன், நல்ல வேலை. சனிக்கிழமை மதியம் விசேஷம். அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. தெற்கே ஓர் ஊரில் போலி பீர் குடித்து ஏழு பேர் செத்துப்போனார்கள். பீரில் கலக்கக் கூடாத சாராயம் கலந்திருந்தது. வாங்கக் கூடாத லேபிள்கள் என்று மூன்றைப் படத்தோடு போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று ‘ஹார்ட்மன் கோல்ட்’. தங்க நிற லேபிள், மான் தலை. கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

புத்தகத்தில் தேடினேன். அப்படி ஒரு பீரே இல்லை. இருக்க நியாயமில்லை, அப்படி ஒரு பீர் ஆலையே உலகத்தில் இல்லை. அகர வரிசையில் அது வந்திருக்க வேண்டிய இடத்தில் ‘ஹார்ட்ஸ்பெர்க்’ என்று வேறொன்று இருந்தது. இரண்டு நட்சத்திரம். ‘சுத்தமானது, மெல்லியது, குறிப்பிட ஒன்றுமில்லை.’ செய்தியைக் கத்தரித்து, தேதி எழுதி, அந்தப் பக்கத்திலேயே வைத்தேன். எதையும் உரிய இடத்தில் வைப்பவன் நான்.

வெள்ளிக்கிழமை புனிதாவைக் கூப்பிட்டு, முட்டி வலி, வர முடியாது என்றேன். அழுதாள். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்றாள். செய்தியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர்கள் பத்திரிகை வாங்குவதில்லை. அது அவர்கள் விருப்பம்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மேசையில் பூத்தட்டு, பழத்தட்டு, நடுவில் தங்க நிற லேபிள் ஒட்டிய போத்தல்கள் ஒரு வரிசை. பின்னாலேயே பிச்சைமுத்துவின் குரல் பதிவு. அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

“மச்சான், வணக்கம். நீங்க இல்லாதது ஒரு கை இல்லாத மாதிரி இருக்கு. மாப்ள வீட்டுக்காரங்க வராங்க, நீங்க கொண்டாருவீங்கள்ல, அந்த மாதிரி நல்ல பீரா வாங்கிப் போடணும்னு ஆசப்பட்டேன். வர்ற வழியில ஒரு கடையில குடுத்தான். பேரு வாயில நொழைய மாட்டேங்குது. ஒண்ணு தொறந்தேன், ஒரு மாதிரி அடிக்குது மச்சான், பெயிண்டு கடைக்குள்ள போன மாதிரி. உங்க புத்தகத்துல என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா குடிக்கிறோம். இல்லன்னா கொட்டிர்றேன்.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மான் தலைக்குக் கீழே பீர் ஆலை என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. கழுத்தில் சுங்கத்துறை ஸ்டிக்கர் இல்லை. இரண்டு விநாடி ஆயிற்று. மூன்று என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். பதிவில் அதன் சத்தம் வந்துவிடும்.

என் பதில் முப்பத்தெட்டு விநாடி.

“முத்து, பக்கம் நூத்திப் பன்னண்டு. நாலு நட்சத்திரம் போட்டிருக்கான். படிக்கிறேன், கேளு. ‘கூர்மையான மணம், புதிதாக வார்னிஷ் அடித்த மரத்தின் சாயல். பழகாத மூக்குக்கு முதலில் உறுத்தும், இரண்டாவது கிளாஸில் விளங்கும்.’ அந்த வாசனைதான் அதோட தரமே. கொட்டிராத. நல்லா குளிர வச்சுக் குடி. எல்லாருக்கும் என் வாழ்த்தைச் சொல்லு.”

வார்னிஷ் வரி புத்தகத்தில் இல்லை. நான் எழுதியது. ‘இரண்டாவது கிளாஸில் விளங்கும்’ என்பதும் நான் எழுதியதுதான். யோசிக்காமல் வந்தது. புத்தகம் எழுதியவருக்குக்கூட அப்படி ஒரு வரி எல்லாப் பக்கத்திலும் அமையவில்லை.

அங்கே நடந்ததைப் புனிதா பிறகு சொன்னாள். பிச்சைமுத்து என் குரலை ஒலிபெருக்கியில் போட்டு மாப்பிள்ளை வீட்டார் எல்லாரையும் கேட்க வைத்தாராம். “கேட்டீங்களா, எங்க மச்சான். நாலு ஸ்டாரு. நம்ம மூக்கு மீன் மூக்கு, அதுக்கு என்னா தெரியும்,” என்று சொல்லித் தன் மூக்கைத் தானே தட்டிக்கொண்டாராம். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று முழுக்க ஒருவர்கூடக் கொத்தமல்லி என்று சொல்லவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவை. அதைக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் விஸ்கிக்காரர்கள், பீரைத் தொடவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. பிச்சைமுத்து நாலு போத்தல் குடித்தார், என் வார்த்தையைக் காப்பாற்றுகிற மாதிரி. பத்துமலை இரண்டு கிளாஸ். அவருக்குப் பீரே அவ்வளவாக ஆகாது. “சார் படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று குடித்தாராம். பத்துமலை குடிப்பார் என்று நான் நினைக்கவில்லை. சிரிக்காத மனிதருக்கு நான் ஏன் கெடுதல் நினைக்கப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் புனிதா கூப்பிட்டாள்.

“அண்ணே, இவரு ராத்திரியிலேருந்து வாந்தி. இப்ப கண்ணு முன்னால வெள்ளையா பனி பேஞ்ச மாதிரி இருக்குன்றாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டுமாண்ணே?”

எங்கள் அப்பா போன பிறகு அவள் என்னைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை. சோபா வாங்குவதானாலும் கேட்பாள்.

“நாலு போத்தல் உள்ள போனா யாருக்குத்தான் பனி தெரியாது,” என்றேன். “தூங்க விடு. நேத்து நிச்சயம் பண்ணி இன்னிக்கு மாமனார் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கெடக்குறாருன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரியணுமா? பிள்ளையோட வாழ்க்கை. நீயே யோசிச்சுக்க.”

“சரிண்ணே,” என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை, கவனியுங்கள். யோசிக்கச் சொன்னேன்.

வண்டி கழுவினேன். ஆர்கிட் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். அவர் மூச்சு வேகமாக வருகிறது, பத்துமலைக்கும் கண் தெரியவில்லையாம், அவர் மனைவி வந்து கத்துகிறாள் என்றாள். எலுமிச்சம் பழம் பிழிந்து கொடுக்கச் சொன்னேன். அப்போது பிச்சைமுத்து போனை வாங்கிப் பேசினார். முதல் முறையாக அவர் குரல் தாழ்ந்து கேட்டது.

“மச்சான், ஒண்ணுமில்ல, இவ சும்மா பயப்படுறா. பீரு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். நீங்க சொன்ன மாதிரி ரெண்டாவது கிளாஸ்ல வெளங்குச்சு. எனக்குத்தான் பழக்கமில்ல.”

“தூங்கு முத்து,” என்றேன்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. சண்டை சச்சரவு இல்லாமல், மரியாதையோடு முடிந்தது. எத்தனை குடும்பங்களில் அது நடக்கிறது.

மூன்று மணிக்கு மாப்பிள்ளைப் பையன் பவித்ரன், விட்டுப்போன ஏதோ ஒரு தாம்பாளத்தை எடுக்க வந்தவன், பார்த்த மாத்திரத்தில் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அவன் என்னைக் கேட்கவில்லை. புதிய ஆள், குடும்பப் பழக்கம் தெரியாது. பத்துமலைக்கு உயிர் மிஞ்சியது, பார்வை திரும்பவில்லை. பிச்சைமுத்து திங்கட்கிழமை மதியம் போய்விட்டார். காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் புனிதாவிடம் சொன்னாராம். அவர் வேலை அப்படி, உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காரியமெல்லாம் நான்தான் முன்னின்று செய்தேன். லூமுட்டிலிருந்து மீன்பெட்டிக்காரச் சீனர்கள் ஒரு வண்டி நிறைய வந்து நின்றார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி போட்டேன். பதினாறாம் நாள் புனிதா என் மடியில் தலை வைத்துக்கொண்டு, “நான்தாண்ணே தாமசம் பண்ணிட்டேன். நானேதான் அவர கொன்னுட்டேன்,” என்றாள்.

“உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா,” என்றேன். மனப்பூர்வமாகச் சொன்னேன். இந்த உலகத்தில் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். இருந்தும் அவள் நம்பவில்லை. இப்போதும் ராத்திரித் தூக்கம் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறாள். என்னாலான ஆறுதலைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மே மாதம் தினேஸ்வரியின் கல்யாணத்தைச் சிக்கனமாக முடித்தோம். தகப்பன் ஸ்தானத்தில் நின்று நான்தான் தாரை வார்த்துக் கொடுத்தேன். என் காலில் விழுந்து எழுந்து, “அப்பா இருந்த மாதிரியே இருக்கு மாமா,” என்றாள். அழகான பிள்ளை. அவர் மூக்கு.

பத்துமலையையும் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். என் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியும். போன தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், அன்னிக்கு உங்களுக்கு முட்டி வலி வந்தது அம்மன் புண்ணியம். வந்திருந்தீங்கன்னா நீங்கதான் முதல்ல குடிச்சிருப்பீங்க,” என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது. நல்ல மனிதர்களிடம் பேசுவது கடினமான வேலை.

இப்படியே போயிருக்கும், இன்ஸ்பெக்டர். போத்தல் விற்ற கடைக்காரன் மேல் வழக்கு நடக்கிறது, அவனுக்குத் தண்டனை கிடைக்கும், கிடைக்கட்டும். பிச்சைமுத்துவின் கைபேசியில் என் குரல் இருக்கிறது என்பதற்காக நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் பார்க்க வந்தீர்கள். மரியாதையாகத்தான் பேசினீர்கள். நீங்கள் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

“பாவம் சார், நீங்களும் ஏமாந்துட்டீங்க. லேபிள் அவ்ளோ கச்சிதமா பண்ணியிருக்கானுங்க. பழக்கப்பட்டவங்களே கண்டுபிடிக்க முடியாது, உங்கள மாதிரி ஒரு புத்தகத்த வச்சுப் பாக்குறவங்க என்னா செய்ய முடியும்? இதுல ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சிரும்.”

நீங்கள் நல்லெண்ணத்தில் சொன்னீர்கள். பத்துமலையும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

தாளைப் படித்துப் பார்த்தேன். ‘மேற்படி சதாசிவம் என்பவர் போலிப் பொருளை அசல் என்று நம்பி, அறியாமையால் பரிந்துரைத்தார்’ என்று இருக்கிறது. இது நாளை நீதிமன்றத்தில் சத்தமாக வாசிக்கப்படும். பத்திரிகையில் வரும். வாட்சப் குழுவுக்குப் போகும், மெல்பர்னுக்கும் போகும். டின் பீரில் கொத்தமல்லி கண்டுபிடித்தவர், விஷத்தில் நான்கு நட்சத்திரம் கண்டுபிடித்தார் என்பார்கள். மஞ்சள் முகங்கள் எத்தனை வருமோ, தெரியாது.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதலாம். படத்தைப் பார்த்த இரண்டு விநாடியில் அது போலி என்று எனக்குத் தெரியும். குடித்தால் சாவார் என்று தெரியும், பத்திரிகைத் துண்டு தேதியோடு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கச் சொன்னேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பார் என்றும் தெரியும். போகவிடாமல் செய்தேன். இரண்டும் தனித்தனிக் காரியம், தனித்தனிப் பத்தியாக வரட்டும். புனிதாவுக்கு யார் சொல்வது என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. நீங்களே சொல்லிவிடுங்கள். யார் மனதையும் நோகடிக்கிற பழக்கம் எனக்கில்லை.

எழுதி முடித்ததும் கொடுங்கள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். கொலைகாரன் என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பீர் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.